நான் இருக்கும்போதே வந்த கூடாரம்

தம்பி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கு எத்தனை விரல் கனத்துக்குப் படிந்திருக்கிறது என்பதையெல்லாம் நானே நேரில் வந்து பார்த்துக்கொள்ளப் போகிறேன். ஆமாம்டா, வருகிறேன்! வருகிற திங்கட்கிழமை சிரம்பானில் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்குகிறேன், நானும் உன் அப்பாவும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உன் வீட்டில்தான் இருப்போம். வாரத்தில் மூன்று நாள் மெஷினில் கிடக்கிறவள் எப்படி வருவாள் என்று நீ வாயைப் பிளப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. உன் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு ரத்தச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதாமே, அங்கே செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் எனக்கு இடம் பதிவாகிவிட்டது. என் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் மருந்துப் பட்டியலும் எனக்கு முன்னாலேயே பினாங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது உன் பெண்டாட்டிதான். அவளைத் திட்டினாயானால், நான் வந்து இறங்கியதும் உனக்கு இருக்கிறது பூசை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து வாரமாக நீ என்னோடு பேசுவது "சாப்டீங்களா", "மருந்து போட்டீங்களா", "சரிமா" என்ற மூன்று சொல்தான். நான்காவது சொல்லுக்கு நான் வாயெடுத்தால் "மீட்டிங் மா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எவனடா மீட்டிங் போடுகிறான்? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்டிவிட்டு ஓட முடியாது பார். இதன் நகல் ஒன்றை ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். அதற்காக முகத்தைச் சுளிக்காதே. என்னைப் போல் கையில் இரண்டு ஊசியோடு நாலு மணி நேரம் படுத்துக்கிடக்கிறவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். நான் செய்த முட்டாள்தனத்தை அவர்களில் ஒருவராவது செய்யாமல் இருந்தால் போதும். ஆகவே உனக்கு ஏற்கெனவே தெரிந்த சில சங்கதிகளையும் பத்திரிகை படிக்கிறவர்களுக்காக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் பால் வெட்டியவள் நான். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். அப்புறம் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமையல். இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை நோய், வந்ததை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அது சத்தம் போடாமல் என் இரண்டு சிறுநீரகத்தையும் தின்று தீர்த்தது. ஐந்து வருடமாக லுக்குட் டவுனில் மெஷின். விடியும் முன்னே வேன் வரும். போனதும் எடை பார்ப்பார்கள். போன தடவைக்கு இரண்டு கிலோ ஏறியிருந்தால் சிரிப்பார்கள், மூன்றரை ஏறியிருந்தால் முறைப்பார்கள், ஏனென்றால் ஏறியது அத்தனையும் நான் குடித்த தண்ணீர். பக்கத்து நாற்காலியில் ஒரு சீனத் தாத்தா, அதற்கடுத்து ஒரு மலாய்க்கார அக்கா. மூன்று பேரும் பேசுவது சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான். அவர் கறிமீ நூடுல்ஸில் எவ்வளவு கெட்டித் தேங்காய்ப்பால் விட வேண்டும் என்பார், நான் நண்டுப் பிரட்டல் சொல்வேன், அந்த அக்கா டுரியான் மரத்தடியில் காத்துக்கிடந்த கதையைச் சொல்வாள். மூன்று பேரும் தின்னக்கூடாததை மூன்று பேரும் ருசித்துப் பேசுவோம்! ஒரு நாள் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். யாரும் எதுவும் கேட்பதில்லை. அடுத்த வாரம் அதில் புது முகம் உட்கார்ந்திருக்கும்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். இரண்டு வருடமாக எனக்கு அரிப்பு. கொசுக்கடி அரிப்பு மாதிரி நினைத்துக்கொள்ளாதே. தோலுக்கு உள்ளே, எலும்புக்கு மேலே, விரல் எட்டாத இடத்தில் அரிக்கும். சீப்பால் சொறிந்தேன், தேங்காய் நாரால் தேய்த்தேன். படுத்தால் கால் தானாகத் துடிக்கும், எழுந்து நடந்தால்தான் நிற்கும். தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை. இதில் ஒரு வார்த்தைகூட நான் மெஷின் நிலையத்தில் சொல்லவில்லை. "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?" என்று கேட்டால் "ஓகே லா" என்பேன். ஏன் தெரியுமா? தோட்டத்துப் புத்தி! அந்தக் காலத்தில் காய்ச்சல் என்று வேலை வாங்குகிற தண்டலிடம் சொன்னால், நாம் வெட்டுகிற மர வரிசையை, நம் நிரையை, தூக்கி அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவான். நல்ல பால் சுரக்கிற மரங்கள் கைவிட்டுப் போய்விடும். அதனால் உடம்பு அனலாகக் கொதித்தாலும் விடியற்காலைப் பிரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பெயர் கொடுப்போம். அதே கணக்கைத்தான் இங்கேயும் போட்டேன். தொந்தரவு என்று வாயைத் திறந்தால், இந்த அம்மாவுக்கு மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி, என் நாற்காலியைக் காத்திருக்கிறவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். என்னைப் போலவே நினைத்துக்கொண்டு அங்கே எத்தனை பேர் "ஓகே லா" சொல்கிறார்களோ!

கடைசியில் காட்டிக்கொடுத்தது என் ரவிக்கை. ஒரு நாள் முதுகில் ரத்தம் காய்ந்து துணியோடு ஒட்டிக்கொண்டிருந்ததைத் தாதி பார்த்துவிட்டாள். டாக்டருக்குச் சொன்னாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை, நாற்காலியையும் பிடுங்கவில்லை. நோய்த்தணிப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினார். "பேலியேட்டிவ்" என்று அவர் சொன்னதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. சரி, நம் கதை முடிந்தது, இனி மெஷினைக் கழற்றிவிட்டு ஊதுபத்தி ஏற்ற வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவர் வாயைக் கட்டினேன்.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சின்னக் காடியை ஓட்டிக்கொண்டு, பெரிய பையோடு வந்து இறங்கினாள் அந்தப் பிரிவின் தாதி, மிஸ்ஸி ரோஸ்னா. மலாய்க்காரப் பெண், உன் வயதுதான் இருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் கேள்வியே, "ஆன்ட்டி, இருக்கிறதிலேயே எது உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு?" என்று மலாயில் கேட்டாள். தம்பி, ஐந்து வருடத்தில் ரத்த அழுத்தம் கேட்டார்கள், சர்க்கரை கேட்டார்கள், எத்தனை மில்லி குடித்தாய் என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்டதில்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன். அழுதுகொண்டே அரிப்பையும் காலையும் தூக்கத்தையும் கொட்டித் தீர்த்தேன். "மெஷினை நிறுத்திடுவீங்களா?" என்று கடைசியில் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெஷின் அது பாட்டுக்கு ஓடட்டும் ஆன்ட்டி. உங்கள நல்லா வச்சிக்கத்தான் நான் வந்திருக்கேன்," என்றாள். மெஷின் எடுத்த நாளில் மாலைக்கு ஒரு சின்ன மாத்திரை, தோலுக்கு ஒரு களிம்பு, காலுக்கு வேறு ஒன்று என்று டாக்டரிடம் கேட்டு ஏற்பாடு செய்தாள். உடனே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இரண்டு தடவை அளவை மாற்றினார்கள். ஆனால் மூன்றாவது வாரம் ஒரு நாள் கண் விழிக்கிறேன், சன்னலில் வெயில்! அப்பாவை உலுக்கி எழுப்பி, "நான் தூங்கிட்டேன், நான் தூங்கிட்டேன்" என்று கத்தினேன். அந்த மனுஷன் பதறிப்போய்ச் செருப்பைத் தேடினார், ஆஸ்பத்திரிக்கு ஓட.

ஆனால் நான் முந்திக்கொண்டு போகிறேன். அந்த முதல் புதன்கிழமைக்குத் திரும்புவோம், ஏனென்றால் உனக்கும் எனக்கும் சண்டை மூண்டது அன்றைக்குத்தான். நான் உள்ளே அழுவது அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. தாங்க முடியாமல் வெளியே போய், வாசற்படியில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சாந்தி துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்க்கிறாள். வாசலில் மிஸ்ஸி காடி. உள்ளே அழுகைச் சத்தம். அப்பா தலையில் துண்டு. அவளுக்கு வேறு என்ன வேண்டும்? நான் போய்விட்டேன் என்று தாமான் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போட்டுவிட்டாள். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார்கள். சாவு என்றால் அரை மணியில் கூடாரம் வந்து நிற்கும். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து நாமே நடத்தி வருகிற மரண சகாயச் சங்கம், அதில் கூடாரமும் நாற்காலியும் கணேசன் பொறுப்பு. லாரியைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

இரும்புக் குழாய் தரையில் விழுகிற சத்தம் கேட்டு நான் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் பாதிக் கூடாரம் எழும்பி நிற்கிறது. கணேசன் ஒரு குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"யாருடா கணேசா போயிட்டது?" என்றேன்.

தோளில் இருந்த குழாயை மெல்ல இறக்கி வைத்தான்.

"அக்கா... நீங்கதான்கா."

அடப்பாவி! எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, ரோஸ்னா ஓடி வந்து என்னைத் தாங்கி, கணேசன் என் சாவுக்காக இறக்கிய நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சாந்தி தலையை அவிழ்த்துவிட்டு, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே அக்கா" என்று மாரில் அடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைகிறாள். "இன்னும் போகல. உள்ள போய் எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கு," என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுகையை நிறுத்தத் தெரியாமல், என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள். கணேசன் குழாயைக் கழற்றப் போனான். "வேணாம்கா, கழட்டிடறேன், நல்லதில்ல," என்றான். "கையை எடுடா. வெயிலுக்கு நல்லாத்தானே இருக்கு, முழுசா போடு," என்றேன். போட்டான். நாற்பது பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் ரோஜா மாலையோடு வந்திருந்தார்கள், அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லாரி முகப்பில் மாட்டச் சொன்னேன்.

அந்தக் கூடாரத்துக்குக் கீழே நடந்ததைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும் தம்பி! ரோஸ்னா அடுத்த நோயாளி வீட்டுக்குப் போக வேண்டியவள், போனில் அவர்களிடம் நேரம் கேட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருத்தர், "மிஸ்ஸி, நீங்க வந்தா ஆள் போயிடுவாங்கன்னு சொல்றாங்களே," என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். அவள் கோபப்படவில்லை. "பெரிய நோயோட வாழுறவங்களுக்கு வலி, அரிப்பு, மூச்சுத் திணறல், பயம் எல்லாம் இருக்கும் அங்கிள். அதைக் குறைக்கிறதுதான் எங்க வேலை. கடைசி வாரத்துல கூப்பிட்டா நாங்க செய்யக்கூடியது கொஞ்சம். முன்னாடியே கூப்பிட்டா நிறைய," என்றாள். அவ்வளவுதான், வரிசையாக வாய் திறந்தார்கள். ஒருவர், என் மனைவியும் மெஷினில் இருக்கிறாள், கால் துடித்துத் தூங்க மாட்டேன் என்கிறாள், ஆனால் டாக்டரிடம் சொல்லாதே என்று என்மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்றார். அவளும் பால் வெட்டினவள்தான்! என் சாவுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் ரோஸ்னாவின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குள் செய்தி பினாங்குக்குப் போய்விட்டது. நீ அப்பாவுக்குப் போன் அடித்தாய், அவர் சிரிப்பும் அழுகையுமாகப் பேச்சு வராமல் நின்றார். நான் போனைப் பிடுங்கி, "டேய், நான்தான்," என்றேன். அந்தப் பக்கம் நீ அழுதாய். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை விம்மி விம்மி அழுவதைக் கேட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றேன், என் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அழுது முடித்ததும் கத்தினாய். "பெரியம்மா விஷயத்துலயும் இப்படித்தான் மறைச்சீங்க. இப்ப உங்க விஷயத்துலயும் மறைக்கிறீங்க. அந்த மிஸ்ஸி இனிமே வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. சாகச் சொல்லிக் குடுக்கிறவங்கள ஏம்மா கூப்பிடுறீங்க?" மறுநாள் ரோஸ்னாவின் அலுவலகத்துக்கும் போன் போட்டு அதையே சொல்லியிருக்கிறாய். அவள் அடுத்த வாரம் வந்து, "உங்க மகனுக்கு என்மேல ரொம்பக் கோபமா?" என்று கேட்டாள். "கோபம் இல்லம்மா, பயம். அவனுக்குப் பயம் வந்தா சத்தம் போடுவான், என்னை மாதிரி," என்றேன்.

நீ சொன்னதில் பாதி அநியாயம், பாதி நியாயம். நியாயமான பாதிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். இதைப் பதினான்கு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. பார்வதி அக்கா உனக்குப் பெரியம்மா மட்டுமில்லை. நான் இருட்டோடு பால் வெட்டப் போனதும் உன்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். அவளுக்கும் இதே சிறுநீரக நோய். நீ பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அவள் மயங்கி விழுந்து, மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். இருதயம் விட்டுப்போய்விட்டது, திரும்புவது கடினம் என்று அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மா, அவங்க பேச முடிஞ்சா என்னா கேட்பாங்க?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "அவ என்னா கேட்கிறது? காப்பாத்துங்க. எல்லாத்தையும் செய்யுங்க," என்று அந்த மனிதரிடம் கத்தினேன். நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பதினொரு நாள். அவள் குழாயைப் பிடுங்கப் போகிறாள் என்று இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். அவள் கண்ணால் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்டா. தெரியாத மாதிரி, "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்கா," என்றேன், பதினொரு நாளும் அதையே சொன்னேன்.

உன்னிடம் போனில், "பெரியம்மா நல்லா இருக்கா, நீ பரீட்சைய எழுது," என்றேன். நீ கடைசித் தாள் எழுதிய அன்றைக்குத்தான் அவள் போனாள். நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். துணி கட்டிய அந்தத் தடத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்காவுக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவளில்லாமல் எப்படி இருப்பேன் என்ற என் பயத்துக்காகச் செய்தேன். உன்னை அவளிடமிருந்து விடைபெற விடாமல் செய்ததும் நான்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு ஐயா.

இதனால்தான் இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், கேட்டுக்கொள். என் இருதயம் தளர்ந்து வருகிறது. மெஷினில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது, இரண்டு தடவை நினைவு தப்பியது. அதற்காக நாளைக்கே போய்விடுவேன் என்று ஒப்பாரி வைக்காதே! தீபாவளிக்கு முறுக்குப் பிழியச் சாந்தியிடம் சொல்லிவைத்துவிட்டேன். எனக்கு மெஷின் வேண்டும், இன்னும் நிறைய நாள் வேண்டும். எனக்கு ஆசை ஒன்றும் குறைந்துவிடவில்லை, தூங்க ஆரம்பித்ததிலிருந்து இன்னும் கூடித்தான் போயிருக்கிறது. "உங்களுக்கு என்னா செய்யணும்னு இருக்கு ஆன்ட்டி?" என்று ரோஸ்னா கேட்டபோது, யோசிக்கவே இல்லை, "என் மகன் வீட்டு அடுப்படியப் பாக்கணும்," என்றேன். மூன்று வருடம் ஆயிற்று நீ அந்த வீட்டை வாங்கி. பால் காய்ச்சிய அன்றைக்கும் நான் மெஷினில்தான் கிடந்தேன். "அதுக்கென்னா, போயிட்டு வாங்க," என்றாள் சாதாரணமாக! வேறு ஊரில் மெஷின் எடுக்கலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. நீ துரத்தச் சொன்ன அந்தப் பெண்தான் உன் வீட்டுக்கு என்னை அனுப்பி வைக்கிறாள். வந்ததும் அவளுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள், அது உனக்கு அழகு.

உனக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும், தாய் என்று எதற்கு இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை சர்க்கரையும் சிறுநீரும் சோதித்துப் பார், நம் ரத்தத்தில் ஓடுகிற நோய் இது. முதுகுவலி என்று கடையில் மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குகிறாயாம், மருமகள் சொன்னாள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் வகையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டாமல் இனி ஒன்று போட்டாயென்றால் பார். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்க முடிகிற உடம்பு எவ்வளவு பெரிய சொத்து என்று ஒரு ஐஸ் கட்டியை அரை மணி நேரம் சப்புகிற என்னைக் கேள். அப்புறம், யாராவது "ஓகே லா" என்றால் அதோடு விட்டுவிடாதே. எது ரொம்பத் தொந்தரவு என்று கேள். உன் பெண்டாட்டியிடமும் கேள்.

இப்போது நான் வருகிற காரியம். டாக்டர் என்னிடம் கேட்டார், நீங்கள் பேச முடியாமல் போனால் உங்களுக்காக யார் பேசுவது என்று. என் விருப்பத்தை எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கிறோம். மெஷின் எனக்கு உதவுகிறவரை வேண்டும். அது உதவாமல் வதைக்க ஆரம்பித்தால் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு வலியில்லாமல், மூச்சுத் திணறாமல், என் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ரோஸ்னா வருவாள். குழாய் வேண்டாம். கையைக் கட்ட வேண்டாம். அந்தத் தாளில் எனக்காகப் பேசுகிறவர் பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அப்பா தங்கமான மனுஷன், ஆனால் அந்த நேரத்தில் அவரால் வாய் திறக்க முடியாது. நான் உன் பெயரைச் சொன்னேன். நீ சம்மதிக்காமல் எழுத மாட்டேன் என்றும் சொன்னேன்.

ஐந்து வருடத்தில் நீ ஊருக்கு வரும்போதெல்லாம் என்னை நிலையத்தில் கொண்டுவிட்டிருக்கிறாய். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. காடியிலேயே உட்கார்ந்திருப்பாய், நான் முடித்து வரும்வரை. ஏன் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்டதில்லை. நான் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, விடுப்பு எடு. பக்கத்தில் ஒருவர் உட்கார அனுமதி கேட்டு வாங்கியாகிவிட்டது. உள்ளே வா. ஊசி போடும்போது வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொள். அதற்கப்புறம் நாலு மணி நேரம் நமக்கு வேறு வேலை கிடையாது. பெரியம்மாவைப் பற்றி நீ கேட்க நினைத்ததையெல்லாம் கேள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். பிறகு நான் ஒன்றே ஒன்று கேட்பேன். என்றைக்காவது போதும் என்று சொல்ல வேண்டிய நேரம் வந்து, அப்போது என்னால் பேச முடியாமல் இருந்தால், டாக்டரிடம் நீ, "அம்மா போதும்னு சொல்லிட்டாங்க," என்று சொல்வாயா?

உடனே பதில் சொல்லாதே. முடியாது என்று தோன்றினால் அதையும் தைரியமாகச் சொல். நான் திட்டமாட்டேன். வேறு ஒருவர் பெயரை எழுதிக்கொண்டு, மறுநாள் காலை உனக்குத் தோசை சுட்டுக்கொடுப்பேன், சத்தியமாக மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் உன்னிடம் மறைக்க மாட்டேன் தம்பி. அந்த நேரத்தில் வேறு யார் குரலில் அதைக் கேட்டாலும் எனக்குப் பயமாக இருக்கும். நீ சொல்லிக் கேட்டால், பயமாக இருக்காது.

அம்மா